இந்தப் படம் ஓடுமா, அக்கா?

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு படம் ஓடியதா, ஊத்திக்கொண்டதா என்று தீர்ப்புச் சொல்வது ஒரு சுவர். வேலூர் தாண்டி பைபாஸில் ஏறும் முன்னால், பூட்டிக் கிடக்கிற ஒரு ரைஸ்மில்லின் நீண்ட மதில். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் அங்கே திரும்பும்போது பெண்கள் எல்லாரும் இடது பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். போன வாரம் ஒட்டிய போஸ்டரின் குறுக்கே ‘வெற்றிகரமான இரண்டாவது வாரம்’ என்று ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் படம் ஓடிவிட்டது. வேறு படத்தின் போஸ்டர் மூடியிருந்தால் கதை முடிந்தது. அந்தச் சுவர் நன்றாகத் தெரிகிற ஜன்னலோர சீட் என்னுடையது.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். கணியம்பாடியில் ஏறுவேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. பக்கத்து சீட்டில் என்னைவிடச் சின்னவள் ஒருத்தி பல வருஷமாக உட்கார்ந்து வந்தாள். அவள் ஒருத்தியோடுதான் நான் பேசுவேன். அவள் பிள்ளைகள் இரண்டும், முகமூடி போட்டுப் பறக்கிற ஹீரோ படம் என்றால் உயிரை விடும். தமிழில் டப்பிங் ஆகி வருகிற அந்தப் படங்கள் எல்லாமே நன்றாக இருக்காது. லீவு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதையும் ஒரு மொக்கைப் படத்துக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? டிரெய்லர் வந்ததும் போனை என்னிடம் நீட்டுவாள்.

“பாத்து சொல்லுக்கா. ஓடுமா, ஊத்திக்குமா?”

என் பையன்கள் சின்னவர்களாக இருந்தபோது இந்த மாதிரிப் படம் ஒன்றையும் விட்டதில்லை. தியேட்டரில் நான் திரையைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். எந்த இடத்தில் பாப்கார்ன் வாய்க்குப் போகாமல் கையிலேயே நிற்கும், எந்த இடத்தில் ஒன்றுக்கு வருகிறது என்று எழுந்திருப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஹீரோக்கள் கும்பலாக வந்தால் எங்கள் பக்கம் ஓடாது. யார் எவர் என்று சின்னதுகளுக்குப் புரியாது. வில்லன் பேசிக்கொண்டே இருந்தாலும் ஓடாது. எல்லாரிடமும் அடி வாங்குகிற ஒருவனுக்கு முதல் முதலாகச் சக்தி வந்தால், அது பெரும்பாலும் ஓடும். இதையெல்லாம் அவள் காதில் சொல்வேன். அவள் எழுந்து நின்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பாள்.

“அக்கா ஓடும்னு சொல்ட்டாங்க! ஞாயித்துக்கெழம எல்லாரும் புள்ளைங்கள கெளப்புங்க!”

நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் அந்தச் சத்தத்துக்காகத்தான் அடுத்த டிரெய்லர் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

போன வருஷம் புதிதாக ஒருத்தி பஸ்ஸில் ஏறினாள். திமிரியில் பிறந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு எல்லாப் படமும் ‘பிச்சிக்கும்’தான். டிரெய்லரைப் பார்த்துவிட்டு, கம்பெனி ஓவர்கோட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பறந்து காட்டுவாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எம்மா, ஒக்காரு, பிரேக் போட்டா நெஜமாவே பறந்துடுவ” என்பார். பஸ்ஸே சிரிக்கும். அவள் சொன்னது எதுவும் பலித்ததில்லை. ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

ஒருநாள் என் பக்கத்தில் இருந்தவள், “அங்க ஒரே காமெடிக்கா, இதோ வர்றேன்” என்று எழுந்து பின்னால் போனாள். அப்புறம் அவள் திரும்பி வந்து உட்காரவில்லை. அவள் இடத்தில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்தது. பின்னாலிருந்து வரும் சிரிப்பில் அவளுடையது எது என்று எனக்குத் தனியாகத் தெரியும். ஒருநாள் காலையில் இரண்டு பேர் தலையிலும் ஒரே கதம்பம். ஒரு முழத்தை இரண்டாகக் கிள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

அடுத்த படத்தின் டிரெய்லரில் ஹீரோக்கள் கூட்டம், பேசிக்கொண்டே இருக்கிற வில்லன். புதியவள் வழக்கம்போல, “பிச்சிக்கும்!” என்றாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, திரும்பி, “ஓடாது” என்றேன்.

“யக்கா! உனக்குக் கொரல் இருக்குதா?” என்றாள் புதியவள். “சரி, பந்தயம். தோத்தவங்க பஸ்ஸுக்கே மக்கன்பேடா.”

படம் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை சுவரில் வேறு படம். நான் ஜெயித்தேன். இனி என் பழைய தோழி என் பக்கத்துக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை, தோற்றவள் ஆற்காட்டு மக்கன்பேடா டப்பாவோடு ஏறினாள். “தோத்தாங்கோலி கை ராசியான கை, எடுத்துக்கோங்க!” என்று சீட்டு சீட்டாக வந்தாள். எல்லாக் கையும் அவள் டப்பாவுக்குள் போனது. என் தோழி இரண்டு எடுத்தாள். “ஜெயிச்சவங்களுக்கு ஒண்ணு ஜாஸ்தி” என்று புதியவள் எனக்கும் இரண்டு வைத்தாள். ஜீராவில் ஊறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோற்றவளைச் சுற்றித்தான் கூட்டம் இருந்தது.

அப்போதுதான் முடிவு செய்தேன். அடுத்த முறை நான் தோற்க வேண்டும்.

அடுத்து வந்த படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, ஓடாது. ஹீரோ ஒரு கிழவர். படம் முழுக்க இருட்டு. “ஓடும்” என்றேன். புதியவள் கண்ணை உருட்டினாள். “அப்போ நான் ஓடாதுன்னு சொல்றேன். பந்தயம்னா எதிர்க்கட்சி வேணும் இல்ல?”

படம் வந்து ஒரு வாரம் முடிகிற வியாழக்கிழமை சாயந்திரம் வேலூரில் இறங்கி மக்கன்பேடா வாங்கினேன். மறுநாள் காலை டப்பாவைத் துணிப்பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுவரைத் தாண்டியதும் எழுந்து நின்று, ‘தோத்துட்டேன், எடுத்துக்கோங்க’ என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பஸ் திரும்பியது.

போஸ்டரின் குறுக்கே பளபளவென்று துண்டுக் காகிதம். வெற்றிகரமான இரண்டாவது வாரம்.

“அக்கா ஜெயிச்சிட்டாங்கடி!” என்று பின்னால் கூச்சல். என் தோழி ஓடி வந்தாள். வந்தவள் குனிந்து பார்த்தாள்.

“யக்கா, மடியில இன்னா ஒழுவுது?”

மூடி சரியாக மூடவில்லை. ஜீரா புடவையெல்லாம் வழிந்திருந்தது. என் சாப்பாட்டுப் பையைக் கீழே தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையால் துடைத்தாள். டப்பாவைப் பார்த்ததும் புதியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஜெயிச்சிட்டு அக்காவே வாங்கிட்டு வந்துட்டாங்க! இன்னாக்கா, எம்மேல அவ்ளோ பாசமா?”

அவளே டப்பாவை வாங்கிக்கொண்டு சீட்டு சீட்டாகப் போனாள். என் மக்கன்பேடாவும் அவள் கையால்தான் பஸ்ஸுக்குப் போனது. ஆனால் கம்பெனி கேட் வரைக்கும் என் தோழி எழுந்திருக்கவில்லை. பிசுபிசுக்கிற முந்தானையை மடித்துப் பிடித்தபடி, பெரியவன் கணக்கில் ஃபெயிலானது, மாமியாரின் முட்டிவலி என்று விட்டுப்போன கதையெல்லாம் சொன்னாள். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

சாயந்திரம் பஸ்ஸில் ஏறியதும் பின்னால் போய்விட்டாள். பையை மறுபடியும் பக்கத்து சீட்டில் வைத்தேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது பின்னாலிருந்து அவள் குரல்.

“யக்கா! இன்னொரு படம் வருதாம், இப்பதான் டிரெய்லர் வுட்டுருக்கான். ஓடுமா?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

“கேக்கல. இங்க வந்து காட்டு” என்றேன்.

பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.