அன்னாசி வட்டங்களுக்கு அடியில்

பழைய அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களை வெட்டி, சட்டம் போட்டு, வீட்டுச் சுவருக்கு விற்பது ஒரு தொழில் என்பதே, தொண்ணூறுகளில் பர் துபாய்க்கு வந்து சேரும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறு என்று தவிக்கும் உங்களுக்கு என் நிலைமை புரியும்.

கண்ணாடிக் கோப்பைகள்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. எங்கள் கடையில் சட்டம் அடிக்கும் கராச்சிக்காரர் ரபீக் சொன்னது. நான் சேர்வதற்கு முன், அழகான கண்ணாடிக் கோப்பைகள் இருந்த ஒரு படத்தை அரபுப் பெரியவர் ஒருவர் வரவேற்பறைக்கு வாங்கிப் போனாராம். மறுநாள் அதைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அது விஸ்கி விளம்பரம். கீழே இருந்த ஆங்கிலத்தை அவருடைய மகன் படித்துக் காட்டியிருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் முதலாளி, கீழக்கரை சுலைமான் பாய், ஆங்கிலம் படித்த ஒருவனைத் தேடினார். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, ஆகாததை ஒதுக்க வேண்டும். ஆறு மாதம் சோதனைக் காலம். முதல் நாளே ரபீக் இந்தியில் சொன்னார்: "ஒரு பக்கம் தப்பினா உனக்கு ஊருக்கு டிக்கெட், பாய். நிதானமா படி."

வெள்ளைக் கோட்டு

இரண்டாவது வாரம் ஒரு பக்கத்தைப் பார்த்துக் குழம்பிப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் சிரித்தபடி சிகரெட் பிடிக்கிறார். நம்மையும் பிடிக்கச் சொல்கிறார். யாரோ கேலிக்கு அச்சடித்தது என்று நினைத்து ஓரமாக வைத்தேன். பக்கத்துக் கிளினிக்கின் தமிழ் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தன் அறைக்கு வேண்டும் என்றார். உண்மையான பக்கமா என்று எனக்கே சந்தேகம், வாங்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உண்மைதான் தம்பி, அந்தக் காலத்துல இப்படித்தான் விளம்பரம் போட்டாங்க. டாக்டர் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடாதுன்னு என் பேஷண்டுங்களுக்கும் தெரியட்டுமே."

அன்னாசி

ரமலானுக்கு முந்தைய வாரம் வந்த பத்திரிகைக் கட்டுக்குள் ஒரே பக்கம் இரண்டு பிரதி இருந்தது. தேன் நிறத்தில் பளபளக்கும் பெரிய உருண்டை. மேலே அன்னாசி வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செர்ரி, ஓரமெல்லாம் கிராம்பு. டப்பா அன்னாசிக்கான விளம்பரம். இரண்டு முறை படித்தேன். சாராயம் இல்லை, நீச்சலுடை இல்லை. கேக்கா என்று முதலாளி கேட்டார். அன்னாசி கேக் என்றேன். ஒரு பிரதியை அல் குசைஸில் இருந்த தன் வீட்டின் சாப்பாட்டு அறைக்கு அவரே எடுத்துப் போனார்.

ரமலான் பாதியில் ஓர் அமெரிக்கப் பெண்மணி கடைக்கு வந்து, இன்னொரு பிரதியின் முன்னால் நின்று சிரித்தார். அந்த கேக்கை அங்கே எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். "கேக்கா? அன்னாசிக்கு அடியில இருக்கறது பன்றித் தொடை. எங்க அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தான் செய்வாங்க."

குசைஸ் வீடு

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் டிக்கெட். மதியம்வரை அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். நோன்பு திறக்கும் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் அதை மாட்டவைத்தவன் நான். எப்படிப் பேசாமல் இருப்பது? முதலாளி அறைக்குள் போய், உட்காராமலே சொல்லி முடித்தேன்.

நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். "படத்தைக் கழற்றிடலாம் தம்பி. நம்ம வீட்டுல அதைப் பார்த்து அதே மாதிரி கேக் செஞ்சு, நோன்பு திறக்க வந்த இருபது பேரும் தின்னுட்டு, செய்முறை எழுதி வாங்கிட்டுப் போயிருக்காங்களே, அதை எப்படிக் கழற்றுறது?"

வேலை போகவில்லை, ஆனாலும் மனம் கேட்காமல் பிற்பாடு அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாக மறுபடி படித்துப் பார்த்தேன், இறைச்சி என்று ஒரு சொல்கூட அதில் இல்லை, பதினைந்து வருடப் படிப்பில் எனக்கு எழுத்தைத்தான் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.