பனிச்சரிவில் ஒரு மறியல்

1999-ம் வருடம், மார்ச் மாதம். நாங்கள் அப்போது கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் குடியிருந்தோம். இது நடந்தது அங்கிருந்து நாலு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிற டாஹோ மலையில், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பனிச்சறுக்குப் போட்டியில். இத்தனை வருடம் ஆகியும் நினைத்தால் வயிறு எரிகிறது. எல்லாம் ஆறிவிட்டது என்று பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பிப்ரவரியில் ‘ஸ்கீ வீக்’ என்று ஒரு வாரம் லீவு விடுவார்கள். ஒரு வருடம் சிநேகிதிகளோடு மலைக்குப் போனவள், திரும்பி வந்து இதைத்தான் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதுவும் சும்மா சறுக்கிக்கொண்டு போவதில்லை. ஃப்ரீஸ்டைல். பனியைக் குவித்து ஒரு மேடு கட்டியிருப்பார்கள். மேலேயிருந்து சறுக்கி வந்து, அந்த மேட்டில் ஏறி, ஆகாயத்தில் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே உள்ள சரிவில் வந்து இறங்க வேண்டும். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வயலின், ஸ்பெல்லிங் போட்டி என்று இருக்க, இவர் பெண் மட்டும் பறக்கிறாள் இல்லையா? உடனே ஒரு வீடியோ கேமரா வாங்கிவிட்டார்.

எனக்கும் பயம் இருந்தது. ஆனால் தெரியாதவளின் பயம் இல்லை அது. நானும் குதித்தவள்தான். கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது வாலிபால் ஆடி, யூனிவர்சிட்டி டீம் வரைக்கும் போனேன். கடைசியாக ஆடிய டோர்னமென்ட்டில் மண் தரை. வழக்கமாக முந்தின நாளே தண்ணீர் விட்டு, கிளறி, சமன் செய்து வைப்பார்கள். அன்றைக்கு ஒருத்தரும் அதைச் செய்யவில்லை. தரை காய்ந்து பாறை மாதிரி கிடந்தது. டீமில் எல்லோரும் முணுமுணுத்தோம். “சீஃப் கெஸ்ட் வந்துட்டாரும்மா, ஆரம்பிங்க” என்றார்கள். ஒரு ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கியபோது வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. டப்பென்று ஒரு சத்தம். எண்ணெய்க் கட்டு, ஒத்தடம், படுக்கை என்று எல்லாம் ஆயிற்று. பந்தை அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. சீஃப் கெஸ்ட் மட்டும் மேடையில் நன்றாகப் பேசிவிட்டுப் போனாராம்.

அதனால் மகளை நான் தடுக்கவில்லை. இறங்கக் கற்றுக்கொடுத்தேன். எழும்புகிறபோது யாருக்கும் முழங்கால் போவதில்லை, இறங்குகிறபோதுதான் போகிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு உயரமான முக்காலியைப் போட்டு அதிலிருந்து குதிக்கச் சொல்வேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். முழங்கால் கால் விரலுக்கு நேராக இருக்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. உடம்பு பின்னால் போகக் கூடாது. முக்கியமாகச் சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் அந்த அடியை வாங்கியது முழங்கால் என்று அர்த்தம். ஆரம்பத்தில் கீழ் வீட்டு குஜராத்தி ஆன்ட்டி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். போகப் போகத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் பழகிவிட்டதோ, இவள் இறங்கப் பழகிவிட்டாளோ தெரியாது.

மலைக்கு அவளோடு போகும்போதெல்லாம் நான் கவனித்த ஒரு வேலை உண்டு. போட்டிக்கு முன்னால், காலையிலேயே, இரண்டு மூன்று ஆட்கள் ஷவலோடு வந்து அந்த இறங்குகிற சரிவைக் கொத்திவிடுவார்கள், வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கொத்துவது போல. இரவில் இறுகிப்போன பனி அப்போதுதான் பொலபொலவென்று ஆகும். குதித்து வருகிறவர்கள் காலில் மாட்டிய ஸ்கீ பலகை அதில் அமிழும், அதிர்ச்சி காலுக்கு ஏறாது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். அடடா, இந்த ஊரில் பிள்ளைகளின் காலைப் பற்றி நினைக்க ஆள் இருக்கிறதே என்று!

அந்த மார்ச் மாதத்துச் சனிக்கிழமை அந்த ஆட்கள் வரவில்லை.

முந்தின நாள் நல்ல வெயில். பனி உருகி, இரவுக் குளிரில் திரும்ப உறைந்திருந்தது. நான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிச் சரிவில் பூட்ஸால் உதைத்துப் பார்த்தேன். தடம்கூட விழவில்லை. சிமென்ட். நிகழ்ச்சி வேறு தாமதமாகிவிட்டது. ஸ்பான்சர் கம்பெனி ஆட்கள் மத்தியானத்துக்குள் பரிசு கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டுமாம். அதனால் ஒத்திகைக் குதிப்பையும் ரத்து செய்துவிட்டார்கள்.

பிள்ளைகளின் கோச்சிடம் போனேன். எப்போதும் சிரித்த முகம் அவருக்கு. “எக்ஸ்கியூஸ் மீ, ஸாரி” என்று ஆரம்பித்து, சரிவை இன்றைக்குக் கொத்தவில்லையே என்று கேட்டேன். வெயில் ஏறினால் தானாக இளகிவிடும் மேடம், நீங்கள் போய் காபி சாப்பிடுங்கள் என்றார். போட்டியை நடத்துகிற அம்மாள் ஒருவர் இருந்தார். அவரிடமும் போய் அதே “எக்ஸ்கியூஸ் மீ, ஸாரி.” அவர் என் முகத்தைப் பார்க்காமல், என் கோட்டுக்குக் கீழே தெரிந்த சுடிதாரைப் பார்த்து, எல்லாம் கவனித்தாகிவிட்டது என்றார். என்ன கவனித்தாரோ! திரும்பி வந்து கணவரிடம் சொன்னேன்.

“ஏங்க, தரை கல்லாட்டம் இருக்குது. நீங்களாச்சும் போய்ச் சொல்லுங்க.”

“உனக்கு எதுக்கு இந்த வேலை? இதே பொழப்பா இருக்கறவங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் தள்ளு, கேமராவ மறைக்கற.”

தள்ளி நின்றேன்.

முதலில் குதித்தவள் என் மகளின் சிநேகிதி. எங்கள் வீட்டுக்கு வந்தால் தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு சாப்பிடுவாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து, என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடப் பழகிய வெள்ளைக்காரப் பெண். மேலே அழகாகத்தான் எழும்பினாள். அழகாகத்தான் சுற்றினாள். இறங்கியபோது ஸ்கீ பனிக்குள் போகவில்லை. கண்ணாடி மேல் விழுந்த தட்டு மாதிரி வழுக்கியது. இடது முழங்கால் உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். கூட்டம் “ஓ” என்றது. அவள் அலறிய அலறல் இருக்கிறதே, அது மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டதோ, எனக்குக் கோயம்புத்தூர் மைதானத்தில் கேட்டது.

மீட்புக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவளைச் சறுக்குப் படுக்கையில் கட்டி, கீழே இழுத்துக்கொண்டு போனார்கள். அவளுடைய அம்மா பூட்ஸ் வழுக்க வழுக்கப் பின்னாலேயே ஓடினார். கோச் தலையை ஆட்டி, “பேட் லக்” என்றார். அதிர்ஷ்டம் இல்லையாம்! கொத்தாமல் விட்டது அதிர்ஷ்டமா வந்து செய்த வேலை? அந்தப் படுக்கை கண்ணை விட்டு மறையக்கூட இல்லை, ஒலிபெருக்கியில் குஷியான குரலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். என் மகளின் பெயர்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். நடக்க முடியவில்லை, அவ்வளவு வழுக்கல். கையும் காலும் ஊன்றித் தவழ்ந்துதான் போனேன். சரிவின் நடுவில், அவள் வந்து இறங்க வேண்டிய இடத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பெண்கள் காலிக் குடத்தோடு நடு ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் வரும், லாரி வரும், போலீஸ் வரும். ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். தண்ணீர் வந்துவிடும். எனக்குத் தெரிந்த போராட்டம் அது ஒன்றுதான். என் கையில் குடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒலிபெருக்கி பாதியில் நின்றது. கோச்சின் சிரித்த முகம் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. மேடம், இது ஆபத்தான இடம், எழுந்திருங்கள் என்று கத்தினார். ஆபத்தான இடம் என்று இப்போதாவது தெரிந்ததே! எனக்கு அந்த நேரத்தில் இலக்கணம் எல்லாம் ஓடிவிட்டது. “நோ டிக்கிங், நோ ஜம்பிங்!” என்று திரும்பக் கத்தினேன். அதைத் தவிர வேறு வார்த்தையே வாயில் வரவில்லை. அதையே நாலைந்து தடவை கத்தினேன்.

என் கணவர் கயிற்றோரம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, “எந்திரி, மானம் போகுது, எல்லாரும் பாக்கறாங்க” என்றார்.

“பாக்கட்டும். அந்தக் கேமராவுல இதையும் எடுங்க.”

மேலே, மேட்டுக்கு அப்பால், என் மகள் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மீட்புக்காரர்களில் ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போக மேலே ஏறி வந்தார். வந்தவர் என் பக்கத்தில் குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட்டார். தடம் விழவில்லை. கோச்சைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாக்கி-டாக்கியில் ஏதோ பேசினார். ஷவல்கள் வந்தன. நாலு பேர் கொத்தினார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நான் கோச்சிடம் “ஸாரி” சொன்னபோதே ஆரம்பித்திருந்தால், அவர் குடிக்கச் சொன்ன காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னும் கோபம் அதிகமானது. இவ்வளவுதானா? ஒரு பெண்ணின் முழங்காலுக்கு முன்னால் இவர்களுக்குக் கனமாகத் தெரிந்த வேலை இவ்வளவுதானா?

பிறகு மற்றப் பிள்ளைகள் எல்லோரும் குதித்தார்கள். சிலர் விழுந்தார்கள், பனியைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். என் மகளை மட்டும் குதிக்கவிடவில்லை. பெற்றோர் மைதானத்துக்குள் நுழைந்தால் பிள்ளை போட்டியில் இல்லை, அதுதான் விதியாம். சரிவைக் கொத்தாமல் விட்டால் யார் போட்டியில் இல்லை என்பதற்கு அவர்களிடம் விதி இல்லை.

திரும்பி வந்த வழியெல்லாம் என் கணவர் திட்டிக்கொண்டே கார் ஓட்டினார். திங்கட்கிழமை ஆபீஸுக்கு எந்த முகத்தோடு போவேன் என்றார். அதே முகத்தோடு போங்கள் என்றேன். மகள் பின் சீட்டில் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகும் பல நாள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். கதை எப்படியோ தமிழ்ச் சங்கம் வரைக்கும் பரவி, சித்திரை விருந்தில் என்னைக் கண்டவர்கள் எல்லாம், “என்ன ஆன்ட்டி, ஸ்னோல தர்ணா பண்ணீங்களாமே!” என்று சிரித்தார்கள். தரை நிஜமாகவே கல்லாக இருந்ததா என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை.

அந்தச் சிநேகிதிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. முழங்காலுக்குள் இருக்கிற முக்கியமான தசைநார் முழுசாக அறுந்துவிட்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை மாவும் சட்னியும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். மகளும் பேசாமல் வந்து காரில் ஏறிக்கொண்டாள். அந்தப் பெண் சோபாவில், தொடையிலிருந்து கணுக்கால் வரை பட்டை கட்டிய காலை நீட்டிப் படுத்திருந்தாள். நான் அவர்கள் அடுப்பில் தோசை வார்த்துக் கொடுத்தேன். சர்க்கரை தொட்டுக்கொண்டு தின்றாள். பாத்ரூம் போக அவளுடைய அம்மா தூக்கிவிட்டார். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே வியர்த்துப் போயிற்று அந்தக் குழந்தைக்கு. திரும்ப எப்போது குதிக்கலாம் என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய் அடுத்த தோசையைப் பார்த்தேன்.

காரில் திரும்பும்போது என் மகள் வாயைத் திறந்தாள். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான். “நீ என் டர்ன் வந்தப்போதான் உட்கார்ந்தே. அவ டர்ன் வந்தப்போ ஏன் உட்காரல?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. “காலைலயே போய்ச் சொன்னேன் கண்ணு. ரெண்டு பேருகிட்ட சொன்னேன். யாரும் கேக்கல” என்றேன்.

“எப்படிச் சொன்னே?”

“மரியாதையாத்தான் சொன்னேன். எக்ஸ்கியூஸ் மீ, ஸாரின்னு.”

இந்தத் தடவை தமிழில், திக்கித் திக்கிக் கேட்டாள்: “ஏம்மா மரியாதையா சொன்னே?”

சாகும்வரை என் காதில் இருக்கும் அது. கோச் மீதும், அந்த அம்மாள் மீதும், ஏன், சீஃப் கெஸ்ட் மீதும் இருக்கிற கோபம் எல்லாம் ஒரு பக்கம். அந்தக் கேள்வி ஒரு பக்கம். அந்நிய ஊர், நமக்குத் தெரியாத விளையாட்டு, நம் இங்கிலீஷ் சரியில்லை என்று ஒடுங்கி ஒடுங்கி நான் சொன்ன இரண்டு ‘ஸாரி’க்கும் யாரோ பெற்ற பெண் காலைக் கொடுத்தாள். இப்போதெல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து என்று கண்ணில் பட்டாலும், நான் முதலில் உட்கார்ந்துவிடுகிறேன். மரியாதையை எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.