ஸ்ரீகலாவின் செருப்பு

படகுத்துறையில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. லாட்டரிச் சீட்டு, எலுமிச்சை சர்பத், வாழைப்பழம். ஆலப்புழையில் வேலை பார்த்துவிட்டு காயலைத் தாண்டி வீடு திரும்புகிற ஜனம் மொத்தமும் என் முகத்தில் விழித்துவிட்டுத்தான் படகேற வேண்டும். ஸ்ரீகலாவையும் அப்படித்தான் தெரியும்.

அவளுக்கு மின்சார ஆபீஸில் புகார் போன் எடுக்கிற வேலை. மழைக்காலத்தில் எங்கேயோ ஒரு தென்னை மட்டை கம்பிமேல் விழும். என்னமோ இவளே மரமேறித் தள்ளிவிட்டதுபோல ஊர் முழுக்க இவளைக் கூப்பிட்டு வைவார்கள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. வீட்டுக்குப் போனால் மாமியாருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. "ஸ்ரீகலா வந்துட்டாளா?" என்று ஸ்ரீகலாவிடமே கேட்டுக்கொண்டிருப்பாள் அந்த அம்மாள். கணவன் விஜயப்பன் நல்லவன்தான். டிவியைப் பார்த்தபடி டீ கேட்கிற நல்லவன்.

ஒரு சாயங்காலம் அவன் குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கூப்பிட, இவள் அடுக்களையிலிருந்து, "உங்க கன்ஸ்யூமர் நம்பர் சொல்லுங்க" என்றிருக்கிறாள். வீடே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய், வடிக்க வைத்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கி வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் வீசிவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் எங்கள் ஆட்கள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போவார்கள். இவள் வரும்போது என் கடையில் சர்பத் குடித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தாராம். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் உனக்கென்று கொஞ்சம் இடம் விட்டுக்கொள் என்றும் சொன்னாராம்.

அந்த இடத்தை அவளே கண்டுபிடித்தாள். ஐந்தே கால் படகைப் போகவிட்டு அடுத்த படகில் ஏறுவாள். அதுவரை துறையின் கோடியில் இருக்கிற கல் பெஞ்சில் உட்காருவாள். போனை அணைப்பாள். செருப்பைக் கழற்றித் தண்ணீரோரம் ஜோடியாக வைத்துவிட்டுக் காலைக் குளிர்ந்த கல்லில் பதிப்பாள். பாசி மிதந்து போவதைப் பார்ப்பாள். அவ்வளவுதான். ஜபமும் கிடையாது, அரட்டையும் கிடையாது. ஒரு நாள் நானாக சர்பத் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாளையிலிருந்து வேண்டாம் சேட்டா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மாமியாருக்கு இப்போதெல்லாம் பல்லைக் கடிக்காமல் பதில் சொல்கிறாள் என்று விஜயப்பனே வந்து சொன்னபோது சரி, பெஞ்சு வேலை செய்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற அயல்கூட்டத்தில் மன ஆரோக்கிய வகுப்பு நடந்தது. தனியாக ஒதுங்குகிறவர்களை, போனை அணைத்து வைக்கிறவர்களைக் கவனியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் காயலோரத்தில் பிறந்த எங்களுக்கு, எந்த வகுப்பிலும் சொல்லித் தராத ஓர் அடையாளம் தெரியும். தண்ணீரில் இறங்கிப் போகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். கரையில் ஜோடிச் செருப்பு தனியாகக் கிடந்தால் எங்கள் கண் தண்ணீருக்குத்தான் போகும்.

கூட்டத்தின் செக்ரட்டரி ராதாமணி சேச்சி ஐந்தே கால் படகிலிருந்து ஸ்ரீகலாவைப் பார்த்தாள். வந்தது வினை.

மறுநாள் பழம்பொரிப் பொட்டலத்தோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நாள் இன்னொருத்தி. பிறகு முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணக் கதை, பிரஷர் கதை, கோயில் வழிபாடு என்று ஸ்ரீகலாவின் காதில் விழாதது ஒன்றும் பாக்கியில்லை. கடைசியில் படகோட்டுகிற ஸ்ராங்க் ஔசேப்பும் இதில் சேர்ந்தான். ஸ்ரீகலா ஏறினால்தான் ஐந்தே கால் படகின் கயிற்றை அவிழ்ப்பானாம். படகு நிறைய ஆள் காத்திருக்கும்போது எந்தப் பெண்தான் ஏறமாட்டேன் என்பாள்? ஏறினாள்.

நான் ராதாமணியிடம் சொல்லிப் பார்த்தேன், அவள் டாக்டர் சொல்லித்தான் உட்காருகிறாள் என்று. "டாக்டர் வரைக்கும் போயாச்சா? அப்ப சந்தேகமே இல்ல" என்று இன்னும் ஓர் ஆளைக் காவலுக்குச் சேர்த்தாள். என் வாய்க்கு ஒரு கும்பிடு.

ஸ்ரீகலா நாளுக்கு நாள் வற்றிப் போனாள். போனில் கத்திய ஒருவனிடம் மெழுகுவத்தி ஏற்றிக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டாள். புகார் எடுக்கிறவள் பேரிலேயே புகார், மெமோ. அது போகட்டும். நேற்று மாமியாரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன் சேட்டா என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஔசேப்பு மணியடித்தான். உள்ளிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள். ஸ்ரீகலா படகு வாசல்வரை போய் நின்றாள். ஏறவில்லை.

"நான் சாகப் போகல. சாகாம இருக்கத்தான் அங்க உக்காந்தேன். ஆபீஸ்லயும் என்னை விடல, வீட்லயும் விடல. அந்தக் கல்லு ஒண்ணுதான் இருந்துச்சு. அதுலயும் நீங்க வந்து உக்காந்துட்டீங்க."

ராதாமணி எழுந்து கரைக்கு இறங்கி வந்தாள். அவள் லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை, இன்றைக்கு ரகளைதான் என்று நினைத்தேன்.

"மணிக்குட்டன் இங்கதான் செருப்ப விட்டுட்டுப் போனான், மோளே" என்றாள். "அன்னைக்கு நான் இதே படகுலதான் போனேன். செருப்பு கண்ணுல பட்டுச்சு. யாரோ குளிக்கிறாங்கன்னு நெனச்சிட்டுப் போயிட்டேன்."

மணிக்குட்டன் அவளுடைய தம்பி. அவன் போனது எல்லோருக்கும் தெரியும். அக்கா அந்தச் செருப்பைப் பார்த்தாள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஸ்ரீகலா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். லாட்டரிப் பலகைக்குக் கீழே, சோடாப் பெட்டிமேல் வைத்தாள்.

"சுகதன் சேட்டா, நான் படகேற வர்ற வரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

வெறுங்காலோடு பெஞ்சுக்கு நடந்தாள். ராதாமணி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் படகில் ஏறினாள். ஔசேப்பு கயிற்றை அவிழ்த்தான்.

அன்றிலிருந்து இதே ஏற்பாடுதான். தின்கிற பண்டம் விற்கிற இடத்தில் செருப்பா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஐந்தே கால் படகு கிளம்பும்போது ராதாமணி ஜன்னலோரம் நிற்பாள். பெஞ்சுப் பக்கம் திரும்பவே மாட்டாள், என் கடையைத்தான் பார்ப்பாள். நான் ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டுவேன். ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து இப்படிச் செய்தால் வேறு எங்கேயும் உதைதான் கிடைக்கும். இவள் தலையாட்டிவிட்டு உட்காருவாள்.