பித்தளை போர்மேனும் பேரல் நட்டும்

நாரணாபுரத்தில் முனியராஜ் வீடு எது என்று கேட்டால், எந்த முனியராஜ் என்று திருப்பிக் கேட்பார்கள். பித்தளை போர்மேன் என்று சொன்னால் போதும், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். பட்டாசுக் கம்பெனியில் ஆட்களை மேற்பார்க்கிற போர்மேன் அவர். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் இரும்பு ஆகாது, இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் முனியராஜ் அதை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டவர். ஸ்பானர், சுத்தியல் எல்லாம் பித்தளைதான். காலையில் கேட்டில் நின்று, பெண்களின் கொண்டை ஊசியிலிருந்து ஆண்களின் பெல்ட் வரைக்கும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அதோடு விட்டாரா? வீட்டில் மனைவி கருப்பம்மாள் ஒரு இரும்புத் தோசைக்கல் வாங்குவதற்குப் பட்ட பாட்டைத் தெருவே சொல்லிச் சிரிக்கும்.

அவருக்கு அதில் பெருமை தாங்காது. கல்யாண வீடு, இழவு வீடு எங்கே போனாலும், தான் ஒருநாளும் இரும்பை உள்ளே விட்டதில்லை, தன் கையில் ஒரு விபத்து நடந்ததில்லை என்ற பேச்சை எப்படியாவது இழுத்து வந்துவிடுவார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். உண்மைதானே, மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

ஒன்று இருந்தது. அது அவருக்கும் சீனிச்சாமிக்கும் மட்டுமே தெரியும்.

சீனிச்சாமி அதே கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவன். முனியராஜை அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். ஒரு தீபாவளி முடிந்து கம்பெனி ஓய்ந்து கிடந்தபோது, மருந்து சலிக்கிற மிஷினைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஒரு போல்ட் பிடித்துக்கொண்டு அசையவில்லை. மத்தியானம் முதலாளி வருகிறார், அதற்குள் மிஷின் ஓட வேண்டும். முனியராஜ்தான் சொன்னார்: "பித்தளையெல்லாம் ஆகாதுலே. லோடு வண்டியில இரும்புச் சுத்தியல் கெடக்கும், எடுத்துட்டு வந்து ரெண்டு போடு. கழுவி விட்ட ரூம்தான, ஒண்ணும் ஆகாது."

முதலாளி நேரத்தோடு வந்துவிட்டார். சத்தம் கேட்டு, மருந்து ரூமில் இரும்பு அடிக்கிறவன் எவன் என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். முனியராஜ் முந்திக்கொண்டார். "எம்புட்டோ தடவ சொல்லிட்டேன் முதலாளி, இவன் கேக்கவே மாட்டேங்கான்" என்றார். சீனிச்சாமி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அண்ணன் இன்னும் ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றோடு அவன் வேலை போயிற்று. மருந்து ரூமில் இரும்பு அடித்தவன் என்ற பெயர், பட்டாசுக் கம்பெனிகள் உள்ள எம். புதுப்பட்டி வரைக்கும் பரவியது. எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் கழற்றி மாட்டிப் பிழைப்பை ஓட்டினான். இரண்டு பேரும் ஒரே தெரு. எதிரே வந்தால் இப்போது அவன் அண்ணே என்பதில்லை. "போர்மேன் நல்லா இருக்கீகளா?" என்பான், அவ்வளவுதான். அந்த மரியாதையைக் கேட்க முடியாமலே முனியராஜ் பஸ்ஸுக்குச் சுற்றுவழியில் போய்வந்தார்.

அவருக்கு ஒரே மகள், மாரிசெல்வி. விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே குறிபார்த்துச் சுடுகிற குழுவில் சேர்ந்து, நன்றாகவும் சுடுகிறாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி அது. வெடிமருந்து கிடையாது, சின்ன ஈயக் குண்டுதான். கல்லூரிக்குச் சொந்தமான அந்தத் துப்பாக்கியில் பேரல், குண்டு வெளியே வரும் குழல், தேய்ந்துபோனது. அடுத்த சனிக்கிழமை மாவட்டப் போட்டி. பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் புதுப் பேரலைக் கையில் கொடுத்து, மதுரையில் துப்பாக்கி பழுதுபார்க்கிற கடையில் மாற்றி வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

"மதுரைக்கு என்னத்துக்குத்தா? ஒரு நட்டுக் கழத்த மதுரைக்கா போகணும்?" என்றார் முனியராஜ். மாரிசெல்வி மறுபேச்சு பேசவில்லை. அப்பா சொன்னால் அது நடந்த மாதிரிதான் அவளுக்கு. மாஸ்டருக்கு உடனே போன் போட்டு, எங்க அப்பாவே மாத்திருவாக சார் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமையை முனியராஜும் கேட்டார். கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். பேரலைத் துப்பாக்கியின் உடம்போடு பிடித்திருந்த நட்டு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். துப்பாக்கிக் கட்டையைத் துண்டால் சுற்றிக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு, பித்தளை ஸ்பானரை மாட்டித் திருகினார். நட்டு நகரவில்லை, ஸ்பானரின் வாய்தான் விரிந்தது. தேங்காய் எண்ணெய் விட்டார், சாக்குத் துணியைச் சுற்றிப் பார்த்தார், நட்டைத் திட்டியும் பார்த்தார்.

"விட்ருங்கப்பா, மதுரைக்கே கொண்டுபோயிருதேன்" என்றாள் மகள்.

அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது. "பைப் ரிஞ்ச் ஒண்ணு கெடச்சா முடிஞ்சிரும்" என்றார். குழாயைக் கவ்வித் திருகுகிற அந்த இரும்பு ரிஞ்ச் தெருவில் இருப்பது சீனிச்சாமி வீட்டில் மட்டும்தான். தான் போகக் கூசி, மகளை அனுப்பினார். அவள் சித்தப்பா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், அவனும் எடுத்துக் கொடுத்துவிட்டான். ரிஞ்சை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவள் கடைக்குப் போனாள்.

இரும்பு ரிஞ்ச் நட்டைக் கவ்வியது. பிடிக்கு நீளம் போதவில்லை என்று ஒரு குழாய்த் துண்டைச் சொருகி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு ஒரு அழுத்து அழுத்தினார். கிறீச்சென்று திரும்பியது. "வந்துட்டுல்லா!" என்று கத்தினார். நட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. நட்டின் மரைக்குள், அந்தத் திருகு பள்ளத்துக்குள், வெள்ளை வெள்ளையாக என்னவோ சுருண்டிருந்தது. துப்பாக்கியின் உடம்பு அலுமினியம். நட்டு தன்னோடு சேர்த்து உடம்பின் மரையையும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. பழைய பேரலோ புதுப் பேரலோ, இனி எதுவும் அங்கே நிற்காது.

அடுப்படியிலிருந்து கருப்பம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாரிசெல்வி வந்தாள். நட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "என்னப்பா இது? யாருப்பா இப்படிப் பண்ணது?"

யார் பண்ணது என்று கேட்டாளே தவிர, நீங்களா என்று அவள் கேட்கவில்லை. அப்பா அப்படிச் செய்வார் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அதுதான் முனியராஜுக்கு வசதியாகப் போயிற்று. யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது: "சீனிச்சாமி வந்தான்த்தா. நான் திருகுதேன்னு புடுங்கித் திருகிட்டான். எம்புட்டோ சொன்னேன், கேக்கல."

சொல்லி முடித்த பிறகுதான், அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் மகள் ரிஞ்சைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

"அவ சண்டைக்குப் போறாய்யா" என்றாள் கருப்பம்மாள். "கூப்பிடு."

அவர் கூப்பிடவில்லை.

"நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீ கூப்பிடுதியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அப்புறம்தான் எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் போனார். பாதித் தெருவிலேயே மகளின் குரல் கேட்டது. "எங்க அப்பா வேண்டாம்னு சொல்லியும் கேக்கலையாமே சித்தப்பா! சனிக்கிழம நான் எதைக் கொண்டுக்கிட்டுப் போவேன்? கம்பெனியிலயும் இப்படித்தான சொல்பேச்சு கேக்காம வேலைய விட்டீக? எங்க அப்பா ஒரு நாளாச்சும் பொய் சொல்லிருக்காகளா?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சீனிச்சாமி ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அவன் வீட்டைவிட்டு நகரவே இல்லை என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். முனியராஜ் வருவதைப் பார்த்ததும், "அந்தா அவுகளே வந்துட்டாக. அவுகளக் கேளு" என்றான்.

முனியராஜுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. மகளைப் பார்க்க முடியவில்லை. மோட்டாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தான்த்தா ஒடச்சேன். அவன் வரவே இல்ல."

மாரிசெல்வி ரிஞ்சைக் கீழே வைத்தாள். சொல்லியாகிவிட்டது, இதோடு போனால் சரி என்று முனியராஜ் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"இது சரி. கம்பெனியில நடந்தது?" என்றான் சீனிச்சாமி.

"எதுப்பா?" என்றாள் மகள்.

ஓடவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை. சொன்னார். அடிக்கச் சொன்னது நான்தான், முதலாளிக்குப் பயந்து இவன் தலையில் போட்டுவிட்டேன் என்று, மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சீனிச்சாமி மனம் இளகவில்லை. இளக வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரியாததா? முதலாளிகிட்டச் சொல்லுவீகளா?"

"சொல்லுதேன்."

"என்னைக்கு?"

முனியராஜ் நாள் கணக்குப் போட்டார். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, முதலாளிக்கு மூக்கு நுனியில் கோபம். சொன்னால் போர்மேன் வேலை நிற்குமா? சீசன் முடியட்டுமே என்று இழுத்தார்.

"நாளைக்குக் காலையில, சித்தப்பா" என்றாள் மாரிசெல்வி. "நானும் கூடப் போறேன்."

அதை அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட முனியராஜ் தாங்கிக்கொண்டிருப்பார். அப்பா சொன்னார் என்பதற்கு மேல் இன்னொரு சாட்சி தேடாத பிள்ளை, இனி அவர் சொல்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்க வருகிறது.

"சரித்தா" என்றார் முனியராஜ். மகள் அவருக்காக நிற்காமல் முன்னே நடந்தாள்.