கம்ப்யூட்டருக்குப் போட்ட மாலை

கம்ப்யூட்டரை நானே பார்ட் பார்ட்டாக வாங்கி நானே பூட்டப்போகிறேன் என்று சொன்னபோது, ஸ்டுடியோ முதலாளிக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. கள்ளக்குறிச்சியில் அவருடைய ஸ்டுடியோவில் உட்கார்ந்து நான் எடிட் செய்யாத கல்யாணம் சுற்றுவட்டாரத்தில் குறைவு. யார் வீட்டுச் சித்தப்பா பந்தியில் எத்தனை வடை கேட்டார் என்பதுவரை எனக்குத் தெரியும். ஆனால் வீடியோவின் கடைசியில் ஓடுவது அவர் பெயர் மட்டும்தான். கேட்டால், "கை உன்னுதும்மா, மெஷினு என்னுதாச்சே" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் இன்னும் எரியும். மெஷினும் என்னுடையதாகிவிட்டால் என்ன சொல்வார் என்று பார்த்துவிடலாம் என்றுதான் வேலையை விட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எதுக்குங்க வேணும்?"

"கல்யாணம் லைவ் போடணும், வீடியோ ரெண்டர் பண்ணணும், கேம் ஆடணும்."

"கேமு வூட்ல பசங்களுக்குங்களா?"

"எனக்குத்தாங்க."

காதோரம் நரைத்த ஒருத்தி கேம் ஆடுவேன் என்று சொன்னால் கடையே திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும். எனக்கு லாரி ஓட்டும் கேம் பிடிக்கும். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற நின்ற நாளெல்லாம் லாரிகளைத்தான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். நிஜ லாரியை எனக்கு யாரும் தரப்போவதில்லை, திரையிலாவது ஓட்டிவிட்டுப் போகிறேன்.

கையில் இருந்த பணத்துக்கு, படம் காட்டுகிற தனி கிராபிக்ஸ் கார்டு கட்டுப்படியாகாது. அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிற ப்ராசசராகப் பார்த்து எடுத்தேன். அதற்கு ராம் என்கிற மெமரியை ஜோடியாகப் போட்டால்தான் வேகம் வரும் என்பதால் ஒரு பெரிய ராமுக்குப் பதில் இரண்டு சின்ன ராம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. நான் இருப்பது கல்வராயன் மலையடிவாரத்து ஊர். கரும்புக்கு மோட்டார் போட்டால் தெருவில் லைட் மங்கும், மலையில் மழை பெய்தால் கரண்டே இருக்காது. எல்லாவற்றையும் பூட்டுகிற கேபினெட் பெட்டி எடுக்கும்போது கடைக்காரர் முன்பக்கம் கண்ணாடி வைத்து, கலர் கலராக லைட் எரிகிற ஒன்றைக் காட்டினார்.

"கண்ணாடி போட்டா காத்து எது வழியா உள்ள போவும்? முன்னாடி வலை வெச்சது குடுங்க."

"அது பாக்க நல்லா இருக்காதுங்க."

"பொண்ணா பாக்கறோம்? குடுங்க."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "இன்னாமா அது, கிரைண்டரா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் என்று சொன்னால் அடுத்த ஸ்டாப் வரை விளக்கம் சொல்லவேண்டும்.

வீட்டில் அம்மா களை எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கட்டில்மேல் நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தாள். "நகையா எடுத்திருந்தா ஆத்திர அவசரத்துக்கு ஆவும். இந்தத் தகர டப்பா இன்னாத்துக்குடி ஆவும்?" என்றாள். நான் ப்ராசசரை அதன் குழியில் உட்காரவைத்தேன். முதல்முறை ஸ்விட்ச் போட்டபோது விசிறி சுற்றியதே தவிர திரையில் ஒன்றும் வரவில்லை. ராமைக் கழற்றி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், அம்மா மட்டும் திரும்பவேயில்லை. எடிட் செய்த வீடியோவைக் கம்ப்யூட்டர் ரெண்டர் பண்ணி முடித்ததும் நான் லாரி ஓட்டும்போதெல்லாம், "எருமை வயசுல பொம்ம லாரி ஓட்டிக்கினு கீறா பாரு" என்று அடுப்பிடம் சொல்வாள்.

முதல் லைவ் தியாகதுருகத்தில் ஒரு கல்யாணம். கல்யாணப் பெண்ணே வீடு தேடி வந்தாள். அவளுடைய அப்பா குவைத்தில் டிரைவர், லீவு கிடைக்கவில்லை. "அப்பா தாலி கட்றத பாக்கணும்க்கா. போன்ல காட்டுனா பாதியில அறுந்துபூடும். அந்த ஒரு நிமிஷம் நிக்காம தெரியணும்" என்றாள். தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். போட்டோ எடுக்க வந்தவர் யார்? என் பழைய முதலாளி. என்னைப் பார்த்ததும், "சொதப்பினா கவலப்படாதம்மா, ஒன் சீட்டு காலியாத்தான் வெச்சிருக்கேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உரலில் தலையை விட்டாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

மேடைக்குப் பக்கவாட்டில் மேஜை போட்டு, கம்ப்யூட்டரின் முகம் கூட்டத்தைப் பார்க்க, நான் பின்னால் உட்கார்ந்தேன். துணைக்கு என்று அம்மா வந்திருந்தாள். கேமராக்களைச் சரிபார்க்க மேடைக்குப் போய்விட்டு வந்து லைவைத் தொடங்கினேன். குவைத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா, பெண்ணின் அம்மா கையில் இருந்த போனில், "நல்லா தெரியுது, எல்லாரும் தெரியறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை தாலிக்குக் கை நீட்டப்போகும் சமயம் பார்த்துப் படம் திக்க ஆரம்பித்தது.

"நிக்குதே... நிக்குதே மா..." போனில் அவர் குரல் உடைந்தது.

ஒயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. "நெட்டா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மேடையிலிருந்து முதலாளி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அவர் பக்கம் திரும்பவில்லை. நெட் ஒழுங்காகத்தான் இருந்தது. திரையில் ப்ராசசரின் சூடு காட்டும் எண்தான் ஏறிக்கொண்டே போனது. எழுந்து மேஜைக்கு முன்னால் ஓடினேன்.

கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது.

நல்ல கனமான சாமந்தி மாலை. மேலே சந்தனம், குங்குமம். முன்பக்கத்து வலையில் ஒரு ஓட்டைகூட வெளியே தெரியாதபடி இரண்டு சுற்றாகச் சுற்றி அழகாகத் தொங்கவிட்டிருந்தது. காற்று உள்ளே போகிற ஒரே வழி அதுதான். யார் வேலை என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கிளம்புகிற புது டிராக்டருக்கு மாலை போடுவதில்லையா, அப்படிப் போட்டிருக்கிறாள். திட்டித் தீர்த்தவள், யாருக்கும் தெரியாமல் பூ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மாலையில் கை வைத்தேன். பெண்ணின் அத்தை ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"கெட்டிமேளம் கொட்டப்போற நேரத்துல மாலைய கழட்டாதம்மா, ஆவாது!"

"அங்க பெத்த அப்பன் பாக்க முடியாம தவிக்கிறாரு. அத்தவிட இன்னா ஆவாதது இருக்குது? வுடுங்க கைய!"

கையை உதறி மாலையை உருவினேன். சாமந்தி இதழ்கள் மேஜை முழுக்கச் சிதறின. விசிறி ஓவென்று இரைந்து காற்றை இழுத்தது. எண் மெதுவாக இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது. கெட்டிமேளம் கொட்டியது. திரையில் மாப்பிள்ளையின் கை, மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சும் ஒரு திக்கல் இல்லாமல் போயின.

"பாத்துட்டேன்... பாத்துட்டேன் கண்ணு" என்று அப்பா போனில் அழுதார். மேடையில் பெண்ணும் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா மேஜையருகே வந்தாள். உருவிப்போட்ட மாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இது எங்கேந்துடி மூச்சு வுடுது?"

வலையைக் காட்டினேன். உள்ளங்கையை அதன்முன் நீட்டிப் பார்த்தாள். "ஆமா, இழுக்குது" என்றாள். "முன்னாடியே சொல்லக்கூடாது? தலைமேல ஒரு முழம் மட்டும் வெச்சிருப்பன்."

அந்த நேரம் பார்த்து முதலாளி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "தப்பிச்சிக்கினம்மா இன்னிக்கி. ஆனா இந்த அசெம்பிள் பொட்டி எத்தினி நாளைக்கு ஓடும்? அதான் சொல்றேன், சீட்டு காலியாத்தான் கெடக்குது."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா அந்த மாலையை அவர் கையில் வைத்தாள்.

"காலியாத்தானுங்க கெடக்குது? இந்த மாலைய அந்தச் சீட்டுக்குப் போட்டு வையிங்க. எம் பொண்ணு இனிமே வராது."

அவர் மாலையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.