கிரேக்கத்தில் இல்லாத வரி

அந்தப் புத்தகத்தில் இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் அதை விரித்து வைத்துக்கொண்டு அவர் இடப்பக்கத்தைத்தான் வாசிப்பார். கத்தோலிக்கக் குருமடத்தில் ஏழு வருடம் படித்து, சுவாமியாராகாமல் திரும்பிவந்து, கலியாணம் கட்டி, எங்களோடு சரித்திரம் படிப்பித்தவர். எல்லாருக்கும் அவர் குருமடத்து மாஸ்டர். அவர் உள்ளே வந்தால் தலைமை ஆசிரியரே கதிரையை இழுத்துப் போடுவார். நான் தமிழ் படிப்பித்தேன். என் தமிழை யார் எட்டிப் பார்த்தார்கள்? தமிழ்தான் எல்லாருக்கும் தெரியுமே. அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இந்த வயதில் அதை ஒளிப்பானேன்.

அறுபதுகளின் நடுவில் பாடசாலை மலருக்காக அவர் ஒரு கடிதத்தைத் தமிழாக்கினார். மகனைப் பறிகொடுத்த நண்பனுக்குப் பழைய கிரேக்க அறிஞர் ஒருவர் எழுதிய ஆறுதல் கடிதம். அவருடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அச்சுக் கோப்பவருக்கு விளங்காது என்பதால், தெளிவாகப் பிரதி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவருடைய புகழுக்கு நான் எடுபிடி. கொப்பியைத் தரும்போது சிரித்துக்கொண்டு சொன்னார்:

“இதை அந்தாள்தான் எழுதினதெண்டும் நிச்சயமில்லை, மாஸ்டர். மூலம் எப்பவோ அழிஞ்சு போச்சு. பாத்து எழுதினதைப் பாத்து எழுதினதுதான் எங்கடை கையிலை கிடக்கு. எழுதினவன் ஒவ்வொருத்தனும் தன்ரை பங்குக்கு ஏதும் செருகியிருப்பான்.”

“அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

“செருகின வரி மற்றதுகளை விடக் கொஞ்சம் வடிவாய், அழகாய் இருக்கும்.”

வீட்டில் பிரதி எடுக்கையில் அந்தப் பேச்சு மனதை அரித்தது. நாலாம் பக்கத்தில் என் சொந்த வரி ஒன்றைச் சேர்த்தேன்: “இறந்த பிள்ளைக்கு வயது ஏறாது, அந்த வயதையும் நீயே வாழவேண்டும்.” நோக்கம் நல்லதல்ல. மலர் வந்த பிறகு எல்லார் முன்னிலையிலும், இந்த வரி கிரேக்கத்தில் எங்கே இருக்கிறது, காட்டும் பார்ப்போம் என்று கேட்பதற்காகத்தான் செய்தேன்.

கேட்க வாய்க்கவில்லை. மலர் வந்த கிழமையே பங்குச் சுவாமியார் ஞாயிறு பூசைப் பிரசங்கத்தில் அந்த வரியைச் சொன்னார். பிறகு செத்தவீடுகளில் சொன்னார்கள், நினைவு அட்டைகளில் அச்சடித்தார்கள், “கிரேக்க ஞானி சொன்னது” என்று. எல்லாரும் கையைக் குலுக்கியது அவருக்கு. அவரும் பேசாமல் குலுக்கினார். என்னுடையது என்றால் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். பொறாமை இருந்ததும் உண்மைதானே. அவர்மேல் எரிந்தது போதாதென்று, இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்த ஒரு கிரேக்கன்மேலும் எரிந்துகொண்டு திரிந்தேன்.

பதினொரு வருடம் கழித்து அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் போனான். பத்தொன்பது வயது. பெட்டியைச் சேமக்காலையில் அடக்கம் பண்ணிவிட்டு வந்த பின்னேரம், அவர் வீட்டுக் குசினிப் பக்கத்து வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அந்த வரியைத்தான் அவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அது கிரேக்கத்திலை இல்லை. அச்சிலை பாத்த அண்டைக்கே தெரியும், உம்மடை எண்டு.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“எரிச்சல்தான். எனக்கு அப்பிடி ஒரு வரி எழுத ஏலாது. சொன்னால் உமக்குப் பேர் வந்திடும். ஆனால் இண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு இருக்க எனக்கு அந்த வரி ஒண்டுதான் கிடக்கு, மாஸ்டர்.”

அவருடைய கையைப் பிடித்திருக்கலாம். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் செய்தது, அந்த வரி என்னுடையது என்று அவர் ஒத்துக்கொண்டது யாருக்காவது கேட்டதா என்று திரும்பிப் பார்த்ததுதான். முற்றத்தில் ஒருவரும் இருக்கவில்லை.