நான் இருக்கப்போகிற வீடு எது? கடமலைக்குண்டிலிருந்து குமுளி வரை ஒரு நேரடிப் பார்வை

சேலை எடுக்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்குகிறோம். மிச்சமிருக்கிற காலத்தை எந்த வீட்டில் கழிப்பது என்பதை மட்டும் பார்க்காமலே ஒத்துக்கொள் என்றால் எப்படி? அதனால்தான் போன கார்த்திகையில் இந்தப் பயணம் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். ஐப்பசியில் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன். எலும்பு தப்பித்தது, ஆனால் மகன்கள் இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள். மூத்தவன் தேனியில் ஏலக்காய் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறான், இளையவன் மதுரையில். பொங்கல் கழிந்ததும் கடமலைக்குண்டு வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு மாதம் அவன் வீடு, ஒரு மாதம் இவன் வீடு என்று நான் முறை வைத்து இருக்க வேண்டுமாம். முதலில் பெண்டாட்டிகளிடம் பேசினார்கள், பிறகு ஒருத்தருக்கொருத்தர் பேசினார்கள், கடைசியாக எனக்குச் சொன்னார்கள். அந்த வரிசையை நான் மறக்கவில்லை.

குமுளியில் இருக்கிற மகளோ, "இங்கன வந்திரும்மா" என்கிறாள். மகன்கள் இருக்கும்போது மகள் வீட்டில் போய்ச் சாப்பிடுவது எங்கள் பக்கம் இழுக்கு. வீட்டுக்கு வீடு பையைத் தூக்கிக்கொண்டு போவது இழுக்கு இல்லையாம். இதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. சரி, மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரமும் செலவும் சேர்த்தே எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டமனூர் வழியாகத் தேனிக்கு ஒன்றேகால் மணி நேரம். தேனியில் டீ குடித்துவிட்டு கம்பம் பஸ்ஸில் ஏறினேன்.

"பாட்டி, இது டவுன் பஸ் இல்ல. டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"நான் ஓசியில கேட்டேனாய்யா? சின்னமனூர் ஒண்ணு குடு."

இருபத்தைந்து ரூபாய். நாற்பது நிமிடத்தில் சின்னமனூர். அங்கிருந்து மார்க்கையன்கோட்டைக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், வழி நெடுக வயலும் தென்னையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

மார்க்கையன்கோட்டையில் என் அக்காவின் மூத்த மகன் விவசாயம் பார்க்கிறான். சின்னவன் சின்னமனூரில் சம்பள வேலை. அக்கா மூன்று வருடமாக இருவரிடமும் முறை வைத்து இருக்கிறாள். முறை என்றால் எப்படி இருக்கும் என்பதை அவளிடம் பார்ப்பதுதான் என் திட்டம். மற்றபடி அவளும் நானும் அவ்வளவாகப் பேச்சில்லை. எங்கள் ஆத்தா செத்த அன்றைக்கு ஊரெல்லாம் ஆள் விட்டவள் எனக்குக் கடைசியாகத்தான் விட்டாள். நான் வந்து இறங்கும்போது தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அக்கா கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை, மெரூன் கரை.

மூத்தவன் வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள். "ஐப்பசி முடிஞ்சதும் அத்தையச் சின்னவுக வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டாச்சே, சின்னத்தை" என்றாள். திரும்பிச் சின்னமனூருக்கு வந்து சின்னவன் வீட்டில் கேட்டால், அந்த மருமகள் விழித்தாள். "டிசம்பர் ஒண்ணாந் தேதிதான சின்னத்தை எங்க முறை?"

அன்றைக்குக் கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. டிசம்பர் பிறக்க இன்னும் பத்து நாளுக்கு மேல் கிடக்கிறது. அப்படியானால் என் அக்கா எங்கே? பேச்சில்லாவிட்டாலும் அக்கா அக்காதானே.

என் முகத்தைப் பார்த்து அந்த மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "உத்தமபாளையத்துல நல்லாத்தான் இருக்காக. நான் சொன்னேன்னு இவுகட்டச் சொல்லிராதீக."

உத்தமபாளையம் அங்கிருந்து அரைமணி நேரத்துக்குள். அவள் சொன்ன தெருவில் ஜைனம்பு அம்மா வீடு என்று கேட்டேன். அக்காவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே தோட்டத்தில் திராட்சை வெட்டியவர்கள். வீட்டுக்குப் பின்னால் அக்காவுக்கென்று விட்ட ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாறது யாரு பாரு. இத்தன வருசம் கழிச்சு வழி தெரிஞ்சிருச்சாக்கும்" என்றாள்.

"வழி அப்பவே தெரியும். ஆள் விட்டாத்தான வாரதுக்கு?"

ஜைனம்பு அம்மா டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "ரெண்டு பேரும் குடிச்சிட்டுச் சண்டை போடுங்க தாயி. ஆறிரும்."

குடித்தோம். பிறகு அக்காவே சொன்னாள். "முறை பேசுறப்ப மூத்தவன்ட்ட தமிழ் மாசம்னு சொன்னேன். வெள்ளாமக்காரன், அவனுக்கு அதான் கணக்கு. சின்னவன்ட்ட இங்கிலீஷ் மாசம்னேன். சம்பளக்காரன். ஒரு மாசம் இருந்தா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் திரும்பி வருவேன்னு ரெண்டு பேருட்டயும் பேச்சு. ஒருத்தன் முடிச்சு இன்னொருத்தன் ஆரம்பிக்கிறதுக்குள்ள எனக்குப் பதினஞ்சு நாளு கெடைக்கும்டி."

"அவனுகளுக்குத் தெரியாதா?"

"வாய்க்காத் தண்ணிச் சண்டையில ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. இவன் அங்கன இருக்கேன்னு நெனைப்பான், அவன் இங்கன இருக்கேன்னு நெனைப்பான். மருமகளுகளுக்குத் தெரியும். அவளுகளுக்கும் மூச்சு விட்டுக்கிறலாம்ல, எதுக்குச் சொல்லப் போறாளுக?"

"ஏன், அங்கன ஒழுங்காச் சோறு போடலையா?"

"நல்லாத்தான் போடுறாக. குறை சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா மூணு வருசத்துல அந்த ரெண்டு வீட்டுலயும் ஒரு டப்பாவ நான் எடம் மாத்தி வச்சதில்ல. இங்கன உப்பு எங்க இருக்கணும்னு நான்தான் சொல்லணும்."

வெங்காயக் குழம்பு, அப்பளம். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது. அவனுக எங்க படிக்கப் போறானுக" என்றுவிட்டாள்.

இரண்டேகால் மணிக்கு குமுளி பஸ். நாற்பது ரூபாய். கம்பத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளலாம். லோயர் கேம்ப் தாண்டினதும் மலை ஏறும். வளைவுகள் தலை சுற்ற வைக்கும், முன்பக்கம் உட்காருங்கள். நாலு மணிக்குக் கேரள எல்லையில் இறங்கினேன். நம்ம பஸ் எல்லையோடு நின்றுவிடும், செக்போஸ்டை நடந்து தாண்ட வேண்டும். மகள் வீட்டுக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். மறக்காமல் சால்வை எடுத்துப் போங்கள்.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஏலியம்மா என்கிற மலையாளத்து அம்மச்சியுடையது. எண்பது தாண்டியவர், நாலு மகன்கள். தமிழ் நன்றாகவே பேசுகிறார். மறுநாள் காலையில் போய் உட்கார்ந்து என் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

அவர்கள் வழக்கத்தில் குடும்ப வீடு இளைய மகனுக்காம். மூத்தவர்கள் கல்யாணம் ஆனதும் வேறு வீடு கட்டிப் போய்விடுவார்கள். இளையவன் அப்பா அம்மாவோடு அதே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வான். "மருமகளோட ஒத்துப்போகலேன்னா?" என்றேன்.

"அவளும் ஞானும் போன கிறிஸ்துமஸ்ல இருந்து மிண்டறதில்ல" என்றார் சாதாரணமாக. பேசிக்கொள்வதில்லை என்று அர்த்தம். சொல்லி முடிப்பதற்குள் அந்த மருமகளே காபியைக் கொண்டுவந்து எனக்கு ஒன்று கொடுத்து, இன்னொன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். சூடு சரியாக இருந்தது. எனக்கு அந்த வீடு பிடித்துப்போனது.

பிறகு எங்கள் பக்கத்து முறையைப் பற்றி அம்மச்சி கேட்டார். விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் விளக்கினேன்.

"அப்போ மகன்மார் அவங்கவங்க வீட்ல இருக்காங்க. அம்மைதான் நடக்கணுமா? வயசு யாருக்குக் கூடுதல்?"

காபியைக் குடித்தேன்.

திரும்பி வரும்போது குமுளி பஸ் ஸ்டாண்டில் நின்றே மூத்தவனுக்குப் போன் போட்டேன். "முறைக்கு நான் சம்மதிக்கிறேன்" என்றேன். அவன் சந்தோஷப்பட்டான். "ஆனா நான் நகர மாட்டேன். நீங்க வாங்க. ஒரு வாரம் நீ, ஒரு வாரம் தம்பி, ஒரு வாரம் உன் தங்கச்சி. சனி, ஞாயிறு வந்தாப் போதும்."

"அவளுமா? மக வந்து பாக்குறான்னா ஊர்ல என்னம்மா சொல்லுவாக?"

"சொல்றவக வந்து எனக்கு வெந்நி வச்சுக் குடுக்கட்டும்."

பொங்கல் கழிந்து முறை ஆரம்பித்தது. இப்போது மாசி கடைசி. முதலில் வந்தவள் மகள்தான். எதிர்வீட்டுக்காரி, "மகளா வந்து பாக்குறா?" என்று இழுத்தாள். அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். மூத்தவன் மூன்று தடவை வந்துவிட்டான். குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பைப் அடித்திருக்கிறான். கோணல்தான், ஆனால் தாங்குகிறது. எனக்குப் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை விழுந்தால் இந்த ஏற்பாடு நிற்காது என்று எனக்கும் தெரியும். அதுவரைக்கும் இதுதான்.

நீங்களும் இப்படி வீடு பார்க்கப் போனால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அங்கே இருக்கிற பெரியவர் அடுப்படிக்குள் போகிறாரா, வாசலோடு நின்று கேட்கிறாரா என்று பாருங்கள். சோறு என்ன போட்டார்கள் என்பதைவிட அதில் நிறையத் தெரிந்துவிடும். என் மொத்தச் செலவு நானூறு ரூபாய்க்குள். இரண்டு நாள் போதும்.

இளையவன் இதுவரை வரவில்லை. அவனுடைய முறை இரண்டு தடவை தவறிவிட்டது. நேற்றுப் போன் பண்ணினான். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறானாம். "அம்மா, அங்கன வர எந்த பஸ்ஸு ஏறணும்?" என்றான். பிறந்து வளர்ந்த ஊருக்கு வழி கேட்கிறான். மதுரைப் பக்கமிருந்து வருகிற மற்றவர்களுக்கும் ஆகும் என்பதால், அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறு. தேனி வரை போகாதே, அது சுற்று. ஆண்டிபட்டி தாண்டினதும் கண்டமனூர் ரோடு பிரிகிற க.விலக்கில் இறங்கு. அங்கே வருசநாடு பஸ் வரும், கூட்டமாக இருந்தாலும் ஏறிவிடு, கண்டமனூரில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். கடமலைக்குண்டில் இறங்கி நடந்து வா. வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேரப் பார். நேரமானாலும் பரவாயில்லை, நான் வீட்டில்தான் இருப்பேன்.